சீனத்து டீயும் என் பெருங்காயமும்

கண்ணு, இதை ஆபீஸில் உட்கார்ந்து படிக்காதே. மெட்ரோவில் நின்றுகொண்டும் படிக்காதே. ரூமுக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, டீ ஒன்றும் போட்டுக்கொள்ளாமல் படி. ஃபோனில் மெசேஜாகவே அனுப்பியிருக்கலாம்தான். அனுப்பினால் கும்பிடு போடும் பொம்மை ஒன்றைத் தட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால்தான் பழைய நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுதுகிறேன். ஆவணியில் உனக்குக் கல்யாணம். அதற்குள் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆனி மாதம் பெண் வீட்டார் நம் வீடு பார்க்க வந்தார்களே, அன்றைக்கு உன் வருங்கால மாமியார் நான் கொடுத்த டீயை ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தபோது, நீ முகமெல்லாம் சிவந்துபோய், "அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாதுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று சொன்னாய். எனக்குப் பரிந்து பேசியதாக நினைத்துக்கொண்டிருப்பாய். எனக்கு அது கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. அந்த ஒரு பேச்சுக்குத்தான் இத்தனை தாள்.

முதலில் ஒன்று. நீ கட்டிக்கொள்ளப்போகும் பெண் மேல் எனக்கு எந்தப் பொறாமையும் கிடையாது. நம் ஊரில் எல்லாரும் அப்படித்தான் எதிர்பார்க்கிறார்கள், மருமகள் வந்ததும் எனக்கு வயிறு எரியும் என்று. நல்ல பெண், வாய் நிறையச் சிரிக்கிறாள், சாதத்தைப் பிசைந்து சாப்பிடுகிறாள், உன்னை அதட்டவும் தெரிந்து வைத்திருக்கிறாள். எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. என் பொறாமை முழுக்க அவளைப் பெற்றவள் மேல். நான் இப்படி எழுத்தில் ஒத்துக்கொள்வேன் என்று நீ நினைத்திருக்க மாட்டாய். எனக்கே எழுதும்போது கை கூசுகிறது.

அந்த டீ நம் வீட்டுக்குள் வந்தது போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்கு. அப்போது நீ பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. காலையில் இஞ்சி தட்டிப் போட்டு, நுரைக்க ஆற்றி, உன் கையில் டீ டம்ளரைக் கொடுத்தேன். "பால் வேணாம்மா, சுடுதண்ணி மட்டும் குடு போதும்" என்றாய். பையிலிருந்து கண்ணாடி கிளாஸ் ஒன்றையும் சின்னப் பொட்டலம் ஒன்றையும் எடுத்தாய். இலை தட்டையாக, இஸ்திரி போட்டதுபோல் இருந்தது. சீனாவிலிருந்து வந்தது, லோங்ஜிங் என்று பெயர், அதற்கு ஏதோ கிணறு என்று அர்த்தம் என்றாய். நான் தளதளவென்று கொதித்த போர் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினேன். இலை வெந்து பழுத்துப்போனது, தண்ணீர் மங்கி, மேலே ஏடுபோல் ஒன்று படர்ந்தது. நீ ஒரு வாய் குடித்துவிட்டு, "இந்தத் தண்ணி ஆகாதும்மா" என்று முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டாய். கிணற்றின் பேர் வைத்த டீக்கு எங்கள் தண்ணீர் ஆகவில்லையாக்கும் என்று அன்றைக்கு உன் அப்பாவிடம் கேலியாகத்தான் சொன்னேன். ஆனால் உள்ளே சுருக்கென்றது. அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் எனக்குப் பல்லெல்லாம் காவி ஏறிக் கிடக்கிறது, இந்த மாவட்டத்தில் பாதிப் பேருக்கு உள்ளதுபோல. போட்டோ எடுக்கும்போது வாயை மூடிக்கொண்டு சிரிப்பவள் நான். அந்தத் தண்ணீரை நீ கொட்டியபோது, என்னையும் சேர்த்துக் கொட்டியதுபோல எடுத்துக்கொண்டேன். நீ அப்படி நினைக்கவில்லை என்று இப்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை.

உனக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். அப்போதுதான் அந்தம்மா பேரை முதலில் சொன்னாய். கன்னடக்காரம்மா, வீட்டுக்காரருக்குச் சீனாவில் வேலையாக இருந்ததால் ஆறு வருஷம் அங்கே இருந்தவங்க, அவர் தவறிய பிறகு பெங்களூரில் இருக்கிறாங்க, மகள் வெளியூரில் படிக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை நாலு பேரைக் கூப்பிட்டு டீ போட்டுக் கொடுப்பாங்க என்றாய். ஆபீஸ் நண்பனோடு ஒரு தடவை போனவன், பிறகு ஒரு ஞாயிறு தவறாமல் போயிருக்கிறாய். பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே பெண்ணின் அம்மாவோடு எட்டு மாதம் டீ குடித்த மாப்பிள்ளை இந்தத் தாலுகாவிலேயே நீ ஒருத்தனாகத்தான் இருப்பாய். நான் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால், "அப்பறம் கூப்பிடறேம்மா, கொஞ்சம் வெளிய இருக்கேன்" என்பாயே, அந்த வெளியே எது என்று அப்போதுதான் புரிந்தது.

வைகாசியில் நானும் அப்பாவும் அந்த வீட்டுக்கு வந்தோம். அன்றைக்கு நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன், கூச்சம் என்று நினைத்திருப்பாய். கூச்சம் இல்லை, பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தம்மா கிளாஸை முதலில் சுடுதண்ணீர் விட்டுச் சூடாக்கிக் கொட்டினாள். இலையைப் போட்டு, ஆறவைத்த தண்ணீரைக் கால் கிளாஸ் மட்டும் ஊற்றி, மெல்லச் சுழற்றி, உன் மூக்குக்கு நேராக நீட்டினாள். நீ கண்ணை மூடி மோந்து பார்த்தாய். பிறகு உயரத்திலிருந்து நூல்போலத் தண்ணீர் விட்டாள். இலையெல்லாம் மேலே வந்து, ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி நின்றது. நீ சர்ரென்று உறிஞ்சிக் குடித்தாய். ரசத்தை அப்படி உறிஞ்சினதற்கு ஏழு வயசில் உன் முதுகில் ஒன்று வைத்திருக்கிறேன். அங்கே அப்படி உறிஞ்சினால்தான் ருசி நாக்கு முழுக்கப் படுமாம். இத்தனை நேரம் நீ ஒரு இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நம் வீட்டில் சாப்பிடும்போதுகூட ஒரு கையில் ஃபோன் இருக்கும்.

அப்புறம் அந்தம்மா கேட்டாள், "இவத்து, இன்னைக்கு, என்ன வாசனை வருது, சொல்லுப்பா?" என்று. நீ யோசித்துவிட்டு, "மொச்சை வேகற வாசனைங்க. பச்சை மொச்சைய உப்புப் போட்டு வேக வெச்சு, மூடியத் தொறந்ததும் வரும் பாருங்க, அது" என்றாய். "ஓ, அவரெக்காளா! சென்னாகி ஹேள்தெ!" என்று, நன்றாகச் சொன்னாய் என்று கன்னடத்தில் மெச்சி, அந்தம்மா கைதட்டி, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். கண்ணு, அந்த மொச்சை வேகும் அடுப்பு என்னுடையது. மார்கழியில் விடிகாலையில் எழுந்து உரித்து வேகவைத்தவள் நான். நீ மூடியைத் திறந்து முகத்தில் ஆவி பிடித்தது என் சமையலறையில். இருபது வருஷமாக என்னிடம் ஒருநாளும், "நல்ல வாசனைம்மா" என்று வாயைத் திறந்து சொன்னதில்லை. அதை எடுத்துப்போய் அவளுக்குக் கொடுத்தாய். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். கிளம்பும்போது நீ அவளிடம், "வர்றேம்மா" என்றாய். அதற்கு முன்னால் ஆண்ட்டி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாய். உனக்கு அது வாய்தவறி வந்திருக்கும். பெங்களூரிலிருந்து நம் கடத்தூர் வரை எனக்கு அது காதிலேயே நின்றது.

நீ கிளாஸ்களைக் கழுவ உள்ளே போயிருந்தாயே (நம் வீட்டில் ஒரு தட்டைக் கழுவியிருக்கிறாயா?), அப்போது அந்தம்மா என்ன வேலை பார்த்தீர்கள் என்று என்னைக் கேட்டாள். நானும் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தேன், பிள்ளைகளுக்குப் பரிமாறுவதற்கு முன்னால் தினமும் நான்தான் ருசி பார்ப்பேன் என்றேன். ஒரு தடவை பருப்பு மூட்டையை பினாயில் டப்பா பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டார்கள், வெந்த பருப்பை வாயில் வைத்ததுமே கண்டுபிடித்து, அத்தனையையும் கொட்டச் சொல்லி, இருந்த கொண்டைக்கடலையைச் சுண்டலாக்கி அன்றைக்குப் பிள்ளைகள் வயிற்றை நிரப்பினேன் என்று சொன்னேன். என் வாழ்க்கையில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்று இருக்கிறதென்றால் அதுதான். அந்தம்மா என்னை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தாள். பிறகு ஒரு டப்பாவை இரண்டு கையாலும் கொடுத்தாள். "இந்தப் பங்குனில பறிச்ச கொழுந்துங்க. வாசனை எதுவும் பக்கத்துல இருக்கக் கூடாது, உங்களுக்கு நான் சொல்லணுமா? உங்க வீடு பாக்க வர்றப்ப உங்க கையால போட்டுக் குடுங்க" என்றாள்.

இனிமேல்தான் விஷயம். ஊருக்கு வந்த அன்றைக்கே அந்த டப்பாவின் மூடியைத் திறந்தேன். மளிகை அலமாரியில் பெருங்காயக் கட்டிக்கும் சாம்பார் பொடிக்கும் நடுவில் வைத்தேன். மூடியைத் தனியாக எடுத்து அடுக்கின்மேல் போட்டுவிட்டு, அலமாரிக் கதவைச் சாத்தினேன். தெரியாமல் செய்யவில்லை. எது எதன் வாசனையை இழுக்கும் என்று இந்தக் கடத்தூரில் என்னைவிடத் தெரிந்தவர்கள் இல்லை. பத்தொன்பது நாள் அது அப்படியே இருந்தது. தினமும் பதினொன்றரை மணிக்கு, பள்ளிக்கூடத்தில் ருசி பார்த்த அதே நேரத்துக்கு, அலமாரியைத் திறந்து மோந்து பார்ப்பேன். மூன்றாம் நாள் வரைக்கும் மொச்சை வாசனைதான் இருந்தது. ஆறாம் நாள் ஓரமாக ஒரு காரம் தட்டியது. அன்றைக்கு மூடியிருந்தால் தப்பியிருக்கும். மூடியைக் கையில்கூட எடுத்தேன். "வர்றேம்மா" என்ற உன் குரல் வந்தது, திரும்ப வைத்துவிட்டேன். பத்தாம் நாளுக்கு மேல் டீ போய்விட்டது, பெருங்காயம்தான் இருந்தது.

நான் இப்படிச் செய்தது முதல் தடவையும் இல்லை. நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது, பக்கத்து வீட்டு அக்கா கிண்டும் ராகிக்களிதான் பிடிக்கும் என்று சாயங்காலமானால் அங்கே ஓடுவாய். அவர்கள் வீட்டுத் தொட்டியில் பல்லி செத்து மிதந்தது என்று உன்னிடம் சொன்னேன். பல்லியும் இல்லை, ஒன்றும் இல்லை. நீ அழுதுகொண்டே அங்கே போவதை நிறுத்திவிட்டாய். அந்த அக்கா, "ஏங்க, தம்பிய ஏன் அனுப்ப மாட்டேங்கறீங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். வேலை என்றேன். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயசு, இப்போது ஐம்பத்தெட்டு. இந்த விஷயத்தில் எனக்கு ஒரு நாள்கூட வயசாகவில்லை.

பெண் வீட்டார் வீடு பார்க்க வந்த அன்றைக்கு நான் டீ போட்டதை நீ கவனிக்கவில்லை. போர் தண்ணீரைத் தொடவே இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரை முதல்நாளே பிடித்து, வடிகட்டி, மூடி வைத்திருந்தேன். கொதி வந்ததும் இறக்கி, சொம்பில் ஒரு தரம் மாற்றி, நூறு எண்ணிவிட்டு ஊற்றினேன். கிளாஸைச் சூடாக்கினேன். உயரத்திலிருந்துதான் விட்டேன். ஒரே ஒரு தடவை பார்த்ததை அப்படியே செய்தேன், அதுவும் சேலைத் தலைப்பு நனையாமல். ஏன் தெரியுமா? போட்டவள் மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாதபடி இருக்க வேண்டும். கெட்டது அந்தம்மாவின் டீ என்று ஆக வேண்டும். நீ ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னங்க, இந்தத் தடவை இலை சரியில்லையே" என்று அவளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் போட்ட திட்டம் அவ்வளவுதான்.

உன் அப்பா முதல் ஆளாகக் குடித்துவிட்டு, "ஏம்புள்ள, ரசமாட்டம் இருக்குது?" என்றார். அந்தம்மா குடித்தாள். விழுங்கும்முன் ஒரு நொடி நிறுத்தினாள். ருசி பார்க்கிறவர்கள் நிறுத்தும் விதம் அது, எனக்குத் தெரியும். நீ உன் கிளாஸை மோந்ததுமே முகம் மாறிவிட்டது. ஆனால் நீ அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். சின்னக் குழந்தை சபையில் துணியை நனைத்துவிட்டால் பார்ப்பார்களே, அப்படி. அப்புறம்தான் அந்தத் "தெரியாதுங்க" வந்தது. அந்தம்மா உன் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் என்னிடம், "பெருங்காயம் எங்க வாங்கினீங்க? ரொம்ப ஒஸ்தியா இருக்குதுங்க" என்றாள். கேலியா, நிஜமா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு டீயை மிச்சம் வைத்து, கிளாஸை என்பக்கம் நீட்டி, "ரெண்டாவது தண்ணி ஊத்துங்க" என்றாள். ஊற்றினேன். அதையும் குடித்தாள். நான் இருபத்தாறு வருஷம் எத்தனையோ ருசி பார்த்திருக்கிறேன், கெட்டுப்போனது என்று தெரிந்த ஒன்றை இரண்டாம் தடவை வாங்கிக் குடித்ததில்லை.

கிளம்பும்முன் அவள் கை கழுவுகிறேன் என்று சமையலறைக்கு வந்தாள். மளிகை அலமாரிக் கதவு திறந்திருந்தது. மூடி அடுக்கின்மேல் கிடந்தது. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அந்தப் பருப்பு மூட்டை விஷயம் எனக்கு ஞாபகம் இருக்குதுங்க" என்றாள், மெதுவாக. "அவன்கிட்ட நான் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுப் போனாள். கோபமாக இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லி, சம்பந்திச் சண்டை என்று ஊர் பேசி, அதோடு முடிந்திருக்கும். அவள் சொல்லவில்லை. அந்த இடத்திலும் அவளே ஜெயித்தாள். அதற்கும் பொறாமைப்பட்டேன், என்ன செய்வது.

அந்தப் பொட்டலத்தை ஒரு வாரம் தொடவில்லை. பிறகு ஒருநாள் உன் அப்பா தோட்டத்துக்குப் போன பிறகு, பதினொன்றரை மணிக்கு, எனக்கு மட்டும் போட்டுக் குடித்தேன். முதல் கிளாஸில் நீ சொன்னது சரி, மொச்சைதான். லேசாகத் துவர்த்தது. விழுங்கின பிறகு, நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் வருமே, அந்த இனிப்பு தொண்டையில் வந்து நின்றது. இரண்டாவது தண்ணீர் முதலைவிட நன்றாக இருந்தது. அதில் வேறொரு வாசனை இருந்தது. நீங்கள் இரண்டு பேரும் அத்தனை ஞாயிற்றுக்கிழமை குடித்தும் அதைச் சொல்லவில்லை, அந்த நோட்டிலும் இருக்காது. நான் கண்டுபிடித்தேன். அதை இதில் எழுத மாட்டேன். டீ நன்றாகத்தான் இருந்தது, கண்ணு. அது மோசமாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டுமாம். என் புத்தியின் லட்சணத்தைத்தான் பார்த்துவிட்டாயே, இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். உன் பெண்டாட்டி நாலு பேர் முன்னால் ஏதாவது தப்பாகச் செய்தால், "அவளுக்குத் தெரியாதுங்க" என்று மட்டும் சொல்லாதே. தெரியுமா, தெரியாதா, வேண்டுமென்றே செய்தாளா என்று அவளிடம் தனியாகக் கேள். கெட்டவள் என்று சொன்னால்கூட ஒரு மனுஷி தாங்கிக்கொள்வாள். ஒன்றும் தெரியாதவள் என்று சொல்லி, அதையும் அன்பாகச் சொன்னால், அவள் எங்கே போய் முட்டிக்கொள்வாள்? அப்புறம், சாப்பிட்டது நன்றாக இருந்தால் அதைச் சமைத்தவளிடம் சொல். வேறொருத்தி வீட்டில் போய்ச் சொல்லாதே.

அந்தம்மா சொல்ல மாட்டேன் என்றால் சொல்ல மாட்டாள். அப்படியே விட்டிருந்தால் நான் உனக்குப் பாவப்பட்ட பட்டிக்காட்டு அம்மாவாகவே இருந்திருப்பேன், சௌகரியம்தான். ஆனால் யோசித்துப் பார்த்தேன். உன் அம்மாவைப் பற்றி அவளுக்குத் தெரிந்த ஒன்று உனக்குத் தெரியாமல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை எதிரில் உட்கார்ந்து டீ ஊற்றும்போதெல்லாம் அவள் மனசில் அது இருக்கும், உன் மனசில் இருக்காது. அதை என்னால் பொறுக்க முடியவில்லை. என்னைப் பற்றிய கெட்டதானாலும் அது உனக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். அதனால் எழுதிவிட்டேன்.

கல்யாணத்தன்று அந்தம்மா பட்டுச்சேலையில் உன் பக்கத்தில் நின்று சிரிக்கும்போது எனக்கு வயிறு எரியத்தான் செய்யும். மாறிவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். இதைப் படித்துவிட்டு நீ என்ன செய்வாய் என்று எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். தயவுசெய்து மன்னித்துவிடாதே. மன்னிப்பதானால், "சரிம்மா, விடும்மா, பரவால்ல" என்று ஃபோனிலேயே இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுவாய். கோபம் வந்தால்தான் தருமபுரிக்கு ரயிலேறி, அங்கிருந்து பஸ் பிடித்து, இந்த வீட்டுக்குள் வந்து, எனக்கு எதிரில் உட்கார்ந்து கத்துவாய். கோபப்படு, கண்ணு.

அம்மா